மெக்மாஸ்டர் ஸ்லைடு: கடற்கரைக் கிடைகளுக்கு வாங்கலாமா?

ராமநாதபுரம் கடற்கரையில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை எந்த ஆட்டுக் கிடையில் கேட்டாலும், கடைசியாக எப்போது குடற்புழுவுக்கான பூச்சி மருந்து ஊற்றினோம் என்று கிடையை நடத்தும் கீதாரி சொல்லிவிடுவார். ஊற்றிய மருந்து கேட்டதா என்றால் பதில் வராது. அந்தப் பதிலைத் தருகிற பொருள் உள்ளங்கைக்குள் அடங்கும். மெக்மாஸ்டர் ஸ்லைடு என்று பெயர். சிட்னி மெக்மாஸ்டர் ஆய்வகத்தின் கார்டன், விட்லாக் இருவரும் 1939-இல் வெளியிட்ட முறை இது. ஆட்டுப் புழுக்கை ஒரு கிராமில் எத்தனை புழுமுட்டை இருக்கிறது என்று எண்ணுவதுதான் இதன் வேலை. இன்றும் உலகம் முழுக்கப் புழு ஆராய்ச்சியில் அடிப்படைக் கருவி இதுதான்.

நம் பக்கத்துக்கு இது ஏன் முக்கியம்? ஆட்டின் நாலாம் வயிற்றில் ஒட்டி உதிரம் உறிஞ்சும் ஹீமாங்கஸ் புழுவால்தான். சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல் மாதிரி ஓர் அங்குலத்துக்குள் இருக்கும். ஒரு புழு நாளொன்றுக்குச் சுமார் 0.05 மி.லி. ரத்தம் குடிக்கிறது. ஆயிரம் புழு இருந்தால் நாளுக்கு 50 மி.லி. போகும், மாதத்தில் ஒன்றரை லிட்டர். 25 கிலோ செம்மறியின் உடம்பில் ஓடும் மொத்த ரத்தமே ஏறக்குறைய அவ்வளவுதான். பெண்புழு ஒன்று தினமும் 5,000 முதல் 10,000 முட்டை வரை போடும். வெயிலில் காய்ந்து கிடந்த மேய்ச்சலில் ஐப்பசி மழை விழுந்தால், புழுக்கையோடு விழுந்த முட்டை ஒரு வாரத்துக்குள் தொற்றும் குஞ்சுப்புழுவாகிப் புல்நுனியில் பனித்துளியோடு காத்திருக்கும். ஆடு மேய்ந்த மூன்றாம் வாரம் அடுத்த தலைமுறை முட்டையிடத் தொடங்கிவிடும்.

மேலும் கீழுமாக ஒட்டிய இரண்டு தட்டு, நடுவே கரைசல் நிரப்ப இரண்டு அறை, இதுதான் ஸ்லைடு. அதில் இரண்டு வகை கிடைக்கிறது. கண்ணாடியில் செய்தது விலை கூட, விழுந்தால் உடையும், ஆனால் அளவு மாறாது. அக்ரிலிக்கில் செய்தது மலிவு. கிடைக்குக் கொண்டுபோக அதுவே தோது. ராமநாதபுரத்தில் தேடி அலைவதைவிட, மதுரையில் ஆய்வகச் சாமான் விற்கும் கடைகளிலோ இணையத்திலோ வாங்குவது எளிது. வாங்கும்போது பார்க்க வேண்டியது ஒன்றுதான். மேல் தட்டுக்கும் கீழ் தட்டுக்கும் நடுவே இடைவெளி சரியாக 1.5 மி.மீ. இருக்க வேண்டும். மேல் தட்டின் அடிப்பக்கம் கீறியிருக்கும் கட்டம் 1 செ.மீ. நீளம், 1 செ.மீ. அகலம். இந்த மூன்று அளவும் சரியாக இருந்தால்தான் ஓர் அறையின் கட்டத்துக்கு அடியில் 0.15 மி.லி. கரைசல் நிற்கும். மொத்தக் கணக்கும் அந்த எண்ணை நம்பியே ஓடுகிறது. மலிவு ஸ்லைடுகளில் பசை ஒரு பக்கம் தடித்துப்போய் இடைவெளி கோணலாகிவிடும். கடையிலேயே வெர்னியர் அளவுகோல் வைத்துத் தட்டுகளின் தடிமனையும் மொத்த உயரத்தையும் நான்கு மூலையிலும் அளந்து கழித்துப் பாருங்கள். மூலைக்கு மூலை மாறினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இனி உப்பு. புழுமுட்டை மேலே மிதந்து வந்தால்தான் எண்ண முடியும். அதற்கு அடர்த்தியான கரைசல் வேண்டும், ஒப்படர்த்தி (தண்ணீரைப் போல் எத்தனை மடங்கு அடர்த்தி என்பது) 1.20. இதற்கு வேறெங்கும் போக வேண்டாம், வாலிநோக்கம் உப்பளத்துக் கல்லுப்பே போதும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 400 கிராம் உப்பு. கொதிக்கவைத்துக் கலக்கி, முழுக்க ஆறவிட்டு, வெள்ளை வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்ட வேண்டும். ஆறிய பிறகும் பாத்திரத்தின் அடியில் கரையாத உப்பு கொஞ்சம் நின்றால் கரைசல் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். அடியில் ஒன்றுமே இல்லையென்றால் இன்னும் இரண்டு பிடி போடுங்கள். கோழிமுட்டையை மிதக்கவிட்டுப் பார்க்கும் பழக்கம் இங்கே உதவாது. ஒப்படர்த்தி 1.1 இருந்தாலே கோழிமுட்டை மிதந்துவிடும், புழுமுட்டைக்கு அது போதாது. உப்பளத்தில் பாத்தித் தண்ணீரின் அடர்த்தியை (போமே) டிகிரியில் பார்க்கும் மிதவை மீட்டர் யாரிடமாவது இருந்தால் அதைக் கரைசலில் விடுங்கள். 24 டிகிரி காட்டினால் அதுதான் நமக்கு வேண்டிய 1.20.

உப்பு விளையும் பாத்தித் தண்ணீரின் டிகிரியும் ஏறக்குறைய இதேதானே, அதையே புட்டியில் பிடித்துக்கொண்டால் என்ன என்று தோன்றும். அடர்த்தி பொருந்தும், ஆனால் எண்ணும் வேலைக்கு அது ஆகாது. உப்பளத் தண்ணீரில் சிவப்புப் பாசியும் உப்பு இறாலின் முட்டைகளும் இருக்கும். இறால் முட்டையும் மேலே மிதந்து வந்து, உருண்டையாக, கண்ணைக் கவரும்படி கட்டத்தில் உட்கார்ந்துகொள்ளும். எண்ணிப் பழகாதவர் அதைப் புழுமுட்டை என்று எழுதிவிடுவார். ஆகவே உப்பைத் தனியாகக் கரைத்து வடிகட்டியே வையுங்கள்.

மாதிரி எடுப்பதில்தான் பாதிப் பிழை நடக்கிறது. தரையில் கிடக்கும் புழுக்கையைப் பொறுக்கக் கூடாது. அதில் மண்ணில் வாழும் வேறு புழுக்களும் சேர்ந்திருக்கும், எந்த ஆட்டுடையது என்பதும் தெரியாது. கையுறை போட்டு, சமையல் எண்ணெய் தடவிய விரலால் ஆசனவாயிலிருந்து நேராக எடுக்க வேண்டும். குட்டிக்கு ஒரு விரல் போதும். சின்ன பாலித்தீன் பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி இறுக முடிச்சுப் போடுங்கள். காற்று இல்லாவிட்டால் முட்டை பொரிவது தள்ளிப்போகும். நம் வெயிலில் ஒரு நாளைக்குள் முட்டைக்குள் குஞ்சு உருவாகிப் பொரிந்து வெளியேறிவிடும். பிறகு எண்ண ஒன்றும் மிஞ்சாது, கிடை சுத்தமாக இருப்பதாகக் கணக்கு வரும். அன்றே எண்ண முடியாவிட்டால் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், 4 டிகிரியில் ஒரு வாரம் வரை வைக்கலாம்.

கடற்கரையில் மீன் ஐஸ் பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது நல்ல வசதி. ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். மீனுக்கு ஐஸோடு உப்பும் கலந்து போட்டிருப்பார்கள், அல்லது பெட்டியில் உப்பு ஊறியிருக்கும். உப்பு கலந்த ஐஸ் பூஜ்ய டிகிரிக்குக் கீழே போய்விடும், அதில் படும் மாதிரி உறைந்து முட்டையின் வடிவம் கெட்டுவிடும். பெட்டியை நல்ல தண்ணீரில் கழுவி, ஐஸுக்கும் மாதிரிப் பைக்கும் நடுவே தடித்த துணியோ அட்டையோ வையுங்கள்.

எண்ணும் முறை இப்படி. நகைக்கடைத் தராசு மாதிரியான சிறு தராசில் 4 கிராம் புழுக்கை நிறுத்து, 56 மி.லி. உப்புக் கரைசலில் போட்டு, சின்ன உலக்கையால் நன்றாக நசுக்க வேண்டும். சித்திரை வைகாசியில் புழுக்கை கொட்டைப்பாக்கு போல் இறுகியிருக்கும். அப்போது பத்து நிமிடம் கரைசலிலேயே ஊறவிட்டு நசுக்குங்கள். நசுக்காத புழுக்கையின் நடுவில் இருக்கும் முட்டை வெளியே வராது. டீ வடிகட்டியில் வடித்துச் சக்கையைத் தள்ளிவிட்டு, வடித்ததை இன்னொரு கோப்பைக்கு மாற்றி மாற்றி ஊற்றிக் கலக்க வேண்டும். கலக்கிக்கொண்டிருக்கும்போதே ஊசிக்குழாயில் உறிஞ்சி முதல் அறையை நிரப்புங்கள். மறுபடி கலக்கி இரண்டாம் அறை. ஒருமுறை கலக்கி இரண்டையும் நிரப்பினால், நின்ற நேரத்தில் முட்டை மேலேறி இரண்டு அறையும் வேறு வேறு எண் காட்டும். குழாயைச் சாய்த்து மெதுவாக விடவும். காற்றுக்குமிழி கட்டத்துக்குள் புகுந்தால் கொட்டிவிட்டு மறுபடி நிரப்புவதைத் தவிர வழியில்லை.

ஐந்து நிமிடம் அசையாமல் வைத்தால் முட்டைகள் மேலேறி மேல் தட்டின் அடியில் ஒட்டிக்கொள்ளும். மைக்ராஸ்கோப்பில் 10 எண் லென்ஸ் போட்டு, முதலில் கட்டத்தின் கோட்டைத் தெளிவாக்குங்கள். கோடும் முட்டையும் ஒரே மட்டத்தில் இருப்பதால் கோடு தெளிந்தால் முட்டையும் தெளியும். கோட்டின் மேல் படும் முட்டைகளில் இரண்டு பக்கத்தை மட்டும் சேர்த்துக்கொள்வது வழக்கம். 40 எண் லென்ஸைத் திருப்ப வேண்டாம், ஸ்லைடின் தடிமனில் லென்ஸ் மோதிவிடும். ஒரு மணி நேரத்துக்குள் எண்ணி முடிக்க வேண்டும், தாமதித்தால் ஓரத்திலிருந்து உப்புப் படிகம் ஊசி ஊசியாக வளர்ந்து கட்டத்தை மூடும். முதல் அறையில் 9, இரண்டாம் அறையில் 12 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 21. மொத்தம் 60 மி.லி.யில் நாம் எண்ணியது இரண்டு அறையிலும் சேர்த்து 0.3 மி.லி., போட்ட புழுக்கை 4 கிராம், ஆகவே பெருக்கும் எண் 50. 21-ஐ 50-ஆல் பெருக்கினால் கிராமுக்கு 1,050 முட்டை.

தராசு இல்லாமல் கிடையிலேயே செய்ய இன்னொரு வழி உண்டு. அளவு போட்ட சின்ன புட்டியில் 26 மி.லி. கோடு வரை கரைசல் ஊற்றி, அது 30 மி.லி. கோட்டைத் தொடும்வரை புழுக்கையைப் போட்டால் 4 கிராம் வந்துவிடும். அப்போது பெருக்கும் எண் 25. காய்ந்த புழுக்கைக்குள் காற்று அடைந்திருக்குமென்பதால் இதற்கு ஈரப் புழுக்கைதான் ஏற்றது.

கண்ணுக்குப் படும் உருவங்களில் நீள்வட்டமாக, மெல்லிய ஓட்டோடு, உள்ளே திராட்சைக்கொத்து மாதிரிச் செல்கள் திரண்டிருப்பது உருண்டைப்புழு முட்டை. அதைத்தான் எண்ண வேண்டும். ஹீமாங்கஸ் முட்டையும் அதன் கூட்டாளிப் புழுக்களின் முட்டையும் இந்த ஸ்லைடில் ஒன்று போலவே தெரியும். பிரித்தறிய, புழுக்கையை ஒரு வாரம் ஈரமாக வைத்துக் குஞ்சுப்புழு வளர்த்துப் பார்க்க வேண்டும், அது ஆய்வக வேலை. முக்கோணமாகவோ சதுரமாகவோ இருந்தால் நாடாப்புழு முட்டை. புழுக்கையில் வெள்ளை அரிசி ஒட்டியிருப்பதைப் பார்த்து மருந்துக்கு ஓடுகிறோமே, அந்தப் புழு. கண்ணுக்குத் தெரிவதால் பயமுறுத்துகிறதே தவிர, வயிற்றுக்குள் மறைந்திருக்கும் ஹீமாங்கஸ் செய்யும் சேதத்தில் பத்தில் ஒரு பங்குகூடச் செய்யாது என்பது எங்கள் கருத்து. மிகச் சின்ன வட்டங்கள் ஏராளமாக இருந்தால் காக்சிடியா, குடலில் வாழும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. நல்ல குட்டியிலும் அது கொஞ்சம் இருக்கும். ஒன்றிரண்டு மாதக் குட்டி ரத்தமாகக் கழிந்து, வட்டங்களும் நிறைந்திருந்தால்தான் நோய். அதற்குப் பூச்சி மருந்து கேட்காது, தனி மருந்து உண்டு.

எண்ணை எப்படி எடுத்துக்கொள்வது? கிராமுக்கு 500-க்குக் கீழ் இருந்து ஆடும் தெளிவாக இருந்தால் மருந்தை மிச்சப்படுத்துங்கள். ஆயிரத்தைத் தாண்டினால் கவனம், இரண்டாயிரத்துக்கு மேல் போனால் உடனடி வேலை. குட்டி ஈன்ற பெட்டையில் எண் தானாகவே ஏறும். ஈனுவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்து பால் கொடுக்கும் காலம் வரை அதன் எதிர்ப்புச் சக்தி தளர்ந்திருக்கும். குட்டிக்குப் புழு போய்ச் சேரும் முக்கிய வழி அதுதான், ஆகவே அந்தப் பெட்டைகளைத் தனியாக எண்ணுங்கள். கழிச்சல் உள்ள ஆட்டில் தண்ணீர் கலந்து எண் குறைவாகத் தெரியும் என்பதையும் மனதில் வைக்க வேண்டும். மழை தொடங்கி மூன்று வாரத்துக்குள் வெளுத்துச் சரியும் ஆட்டில் முட்டையே இல்லாமலும் போகலாம். வயிற்றில் ரத்தம் குடிப்பவை இன்னும் முட்டையிடும் பருவத்துக்கு வராத இளம்புழுக்கள்.

இந்த ஸ்லைடின் உண்மையான மதிப்பு தெரிவது மருந்தைச் சோதிக்கும்போதுதான். குறைந்தது பத்து ஆட்டைத் தேர்ந்தெடுத்து அடையாளம் போட்டு எண்ணுங்கள். சராசரி 150-க்கு மேல் இருந்தால்தான் சோதனை செல்லும். ஆட்டை எடை போட்டு மருந்து கொடுங்கள், கண்மதிப்பில் கொடுத்தால் பெரிய ஆட்டுக்குக் குறைந்துபோகும். ஆல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல் என்றால் 10 முதல் 14 நாளில், லெவமிசோல் என்றால் ஒரு வாரத்தில், ஐவர்மெக்டின் என்றால் 14 நாள் கழித்து, அதே ஆடுகளை மறுபடி எண்ண வேண்டும். முன்பு சராசரி 1,200, பின்பு 300 என்றால் குறைந்தது 75 சதவீதம். 95-க்குக் கீழே வந்தால் அந்த மருந்துக்கு அந்தக் கிடையின் புழு பழகிவிட்டது. அதே மருந்தை வேறு கம்பெனிப் பெயரில் வாங்கி ஊற்றினால் பணம்தான் போகும். லேபிளில் மருந்தின் மூலப்பெயரைப் படியுங்கள். ஆல்பெண்டசோலும் ஃபென்பெண்டசோலும் ஒரே குடும்பம், ஒன்றுக்குப் பழகிய புழு மற்றதற்கும் தப்பும்.

புழு பழகுவதற்கு நாமே செய்யும் காரணம் இரண்டு. செம்மறிக்கான அளவையே வெள்ளாட்டுக்கும் கொடுப்பது முதலாவது. வெள்ளாட்டின் உடம்பு மருந்தை வேகமாக வெளியேற்றிவிடும். ஆல்பெண்டசோல் வகையில் அதற்குச் செம்மறியைப் போல் இருமடங்கும், லெவமிசோலில் ஒன்றரை மடங்கும் வேண்டும். லெவமிசோல் கொஞ்சம் கூடினாலே விஷம், ஆகவே கால்நடை மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொண்டுதான் கொடுக்க வேண்டும். ஆல்பெண்டசோலைச் சினைபிடித்த முதல் மாதத்தில் கொடுக்கவே கூடாது. இரண்டாவது காரணம், கிடை முழுக்க ஒரே நாளில் ஊற்றிவிட்டுப் புது மேய்ச்சலுக்கு ஓட்டுவது. மருந்துக்குத் தப்பிய புழுவின் முட்டை மட்டுமே அங்கே விழும். நன்றாக இருக்கும் ஆடுகளில் பத்துக்கு ஒன்றிரண்டையாவது மருந்தில்லாமல் விட்டால், பழகாத புழுவின் முட்டையும் கலந்து வரும்.

ஸ்லைடு காட்டாதவற்றையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். தட்டைப்புழு முட்டை உப்புக் கரைசலில் மிதக்காது. நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று பேர்பெற்ற ராஜசிங்கமங்கலம் கண்மாய் போல, கண்மாய்க் கரையிலும் சம்பா அறுத்த தாளடியிலும் மேயும் ஆடுகளுக்கு அந்த முட்டையைத் தனியாகத் தேட வேண்டும். நத்தை இருக்கும் ஈரம் என்றால் தட்டைப்புழுவும் இருக்கலாம். புழுக்கையைத் தண்ணீரில் கரைத்து, தெளியவிட்டு, மேல் தண்ணீரை இறுத்து, நாலைந்து முறை இப்படிச் செய்து அடியில் நிற்பதைப் பாருங்கள். ஒரு சொட்டு மெத்திலின் நீலம் விட்டால் செடித்துகள் நீலமாகும், ஈரல் தட்டைப்புழு முட்டை பொன்மஞ்சளாகவே நிற்கும். அலங்கார மீன் கடையில் அந்த நீலம் கிடைக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. மூக்கொழுகி, வாயில் புண் வந்து, கழிச்சலோடு ஆடுகள் அடுத்தடுத்துப் படுத்தால் அது ஆட்டுக்கொல்லி நோயாக இருக்கலாம். மழைக்குப் பின் துளிர்த்த புல்லை வயிறு முட்ட மேய்ந்த கொழுத்த குட்டி திடீரென்று செத்தால் துள்ளுமாரியாக இருக்கும். அந்த ஆடுகளின் புழுக்கையிலும் முட்டை தெரியும். அதைப் பார்த்துப் புழுதான் காரணம் என்று முடிவுகட்டி இரண்டு நாளை வீணாக்கினால் கிடையே போய்விடும். அப்படிப்பட்ட நேரத்தில் ஸ்லைடை மூடிவைத்துவிட்டு 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணுக்கு அழையுங்கள், அல்லது பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். இரண்டுக்குமே தடுப்பூசி உண்டு.

துணைக்கு ஃபமாச்சா அட்டை வைத்துக்கொள்வது நல்லது. தென்னாப்பிரிக்காவில் உருவான, கீழ் இமையின் உட்புறத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஐந்து நிற அட்டை அது. ரத்தம் குறைந்தால் இமை வெளுக்கும். 1 நல்ல சிவப்பு, 5 முழு வெளுப்பு. 4, 5-க்கு மருந்து, குட்டியோ சினையோ என்றால் 3-க்கும் மருந்து. மைக்ராஸ்கோப் வேண்டாம், ஒரு காலைப்பொழுதில் கிடை முழுக்கப் பார்த்துவிடலாம். ஆனால் நம் பக்கத்துப் புழுதிக் காற்றில் கண் எரிந்து சிவந்த ஆட்டில் வெளுப்பு மறைந்துவிடும், உண்ணிக்காய்ச்சலாலும் கண் வெளுக்கும். அட்டை வெயிலில் கிடந்தால் நிறம் மங்கும், வருடத்துக்கு ஒன்று மாற்ற வேண்டும். கண்ணைப் பார்த்து யாருக்கு மருந்து என்று பிரிப்பதற்கு அட்டை, மருந்து கேட்கிறதா என்று அறிவதற்கு ஸ்லைடு.

நாலைந்து ஆடு வைத்திருப்பவர் தனியாக இதை வாங்க வேண்டியதில்லை. ஐம்பது ஆட்டுக்கு மேல் உள்ள கிடைக்கும், மூன்று நான்கு கிடைக்காரர்கள் சேர்ந்தும் வாங்கலாம். செலவில் பெரும்பகுதி மைக்ராஸ்கோப்புக்குத்தான். மாணவர்கள் பயன்படுத்தும், எல்.இ.டி. விளக்குள்ள ஒற்றைக்கண் வகையே போதும். செல்போன் கேமராவைக் கண்லென்ஸில் பொருத்திப் படம் எடுத்து மருத்துவருக்கு அனுப்பினால் சந்தேகம் தீரும். புரட்டாசியில் ஒருமுறை, முதல் நல்ல மழை விழுந்து மூன்று வாரத்தில் ஒருமுறை, மார்கழியில் ஒருமுறை, பங்குனியில் ஒருமுறை எண்ணினால் வருடக் கணக்கு கைக்கு வந்துவிடும்.

கிடை நாய்களின் மலத்தையும் இதே கரைசலில் மிதக்கவிட்டு நாடாப்புழு முட்டை தேடலாம். ஆட்டை வட்டமடிக்க வைத்துக் கொல்லும் மூளைக் கட்டிப்புழு நாயிடமிருந்துதான் வருகிறது. ஆனால் நாயின் நாடாப்புழுக்களில் சில மனித ஈரலிலும் கட்டி உண்டாக்கும், ஸ்லைடில் அவற்றைப் பிரித்தறியவும் முடியாது. நாய் மாதிரியைக் கையுறையில்லாமல் தொடக் கூடாது. சமையல் மேடையிலோ சாப்பிடும் தட்டருகிலோ வைத்துக் கலக்கக் கூடாது. வடிகட்டிய சக்கையை எரித்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும் ஸ்லைடை உடனே நல்ல தண்ணீரில் அலசி, மெல்லிய பழந்துணியால் ஒற்றி எடுங்கள். அக்ரிலிக்கை ஸ்பிரிட்டால் துடைத்தால் மயிரிழை போல் வெடிப்பு விடும், வெந்நீரில் வளையும், கம்பி நாரால் தேய்த்தால் கட்டமே தெரியாது. மைக்ராஸ்கோப்பின் மேடையில் சிந்திய உப்புத் தண்ணீரை அன்றே துடைக்காவிட்டால் மறுவாரம் துரு பிடித்திருக்கும். மண்டபம், பாம்பன் பக்கத்துக் காற்றில் லென்ஸில் பூஞ்சையும் படரும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, பொட்டலத்தின் நிறம் மாறியதும் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்து மறுபடி போட்டு வையுங்கள்.